உங்களுக்குத் தெரியுமா? 4கே-யும் ஆறு முழமும்

(இது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். சேலத்து ஆத்தூர்க்காரர்களும் தாராளமாகப் படிக்கலாம்.)

● செம்பட்டி, சின்னாளபட்டி, சித்தையன்கோட்டை என்று ஆத்தூர் வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் தீபாவளி நெருங்கும்போது ஒரு பேச்சு அடிபடும். “இருக்கிற டிவி நல்லாத்தானே ஓடுது, அதுக்குள்ள 4கே எதுக்கு?” என்பார் அப்பா. “எல்லார் வீட்லயும் வாங்கிட்டாங்க” என்பான் மகன். இரண்டு பேருக்குமே பதில் கடையில் இல்லை. டிவிக்கும் நாற்காலிக்கும் நடுவே எத்தனை முழம் என்பதிலும், டிவியின் முதுகில் எந்த ஒயர் சொருகியிருக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது.

● இந்தியாவில் முதல் டிவி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 ஆகிவிட்டது. 1982 ஆகஸ்ட் 15இல் வண்ணம் வந்தது. ஆனால் டெல்லியின் கறுப்பு வெள்ளைப் படத்திலும் 625 கோடுகள்தான், வண்ணப் படத்திலும் அதே 625தான். அவற்றில் கண்ணில் படுபவை 576. நிறம் கூடியதே தவிர நுணுக்கம் ஒரு கோடுகூடக் கூடவில்லை. ஆனாலும் கலர் டிவி வந்த வீட்டில் தெருவே கூடியது.

● ஆத்தூர்ப் பக்கம் தூரதர்ஷன் வந்தது கொடைக்கானல் மலை மேலிருந்த உயர்சக்தி நிலையம் வழியாக. காமராசர் அணைக்குத் தண்ணீர் தரும் அதே பழனி மலைத்தொடர்தான் படத்தையும் தந்தது. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து ஒருவர் “தெரியுது… போச்சு… தெரியுது…” என்று கத்த, இரண்டு பேருக்கும் இடையே படிக்கட்டில் நின்று ஒரு சிறுவன் தகவல் கடத்த, படம் நின்றது. தரைவழி அனலாக் நிலையங்களில் பெரும்பாலானவற்றை 2022க்குள் பிரசார் பாரதி மூடிவிட்டது. கொடைக்கானல் பண்பலை மட்டும் 100.5இல் இன்னும் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் பாடிக்கொண்டிருக்கிறது.

● தென்கடலோர ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியதும் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தை இழுத்துப் பார்த்தார்கள். படத்தில் பாதி புள்ளி மழை. தெளிவு போதவில்லை என்று புகார் சொன்னவர் யாரும் இல்லை.

● டயனோரா, சாலிடேர் இரண்டும் சென்னைத் தயாரிப்புகள். டிவியை மரப்பெட்டிக்குள் வைத்து, தள்ளுகதவு போட்டு, சில வீடுகளில் பூட்டும் போட்டு வைத்திருந்த காலம் அது.

● தமிழ்நாட்டில் ஒரே வீச்சில் நடந்த மிகப் பெரிய டிவி மாற்றம் எது? 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அன்றைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 14 அங்குலப் பெட்டி. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டன. கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்த வீடும், டிவியே இல்லாத வீடும் ஒரே நாளில் கலருக்கு மாறின. மாற்றம் தெரிந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. திரையைப் போட்ட அடுத்த நொடியே தெரிந்தது. இப்போதைய 4கே மாற்றத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இதில் வித்தியாசம் தெரிகிறதா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

● அந்த இலவச டிவி உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் வாக்குறுதியாக டிவி தருவது முறைகேடு என்று தொடரப்பட்ட சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5இல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்ற நீதிமன்றம், அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ப.சதாசிவம் பவானிப் பக்கத்துக்காரர்.

● “பழைய டிவியிலதாங்க படம் பளிச்சுன்னு இருந்துச்சு. இப்ப இவ்ளோ பெருசு வாங்கியும் மங்கலாத் தெரியுது.” பெரியவர்கள் இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், அவர்கள் சொல்வது சரி. 14 அங்குலப் பெட்டியைவிட 43 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 8 மடங்கு. கேபிளில் வரும் சாதாரண சேனலின் படமோ அன்றைய அளவிலேயே இருக்கிறது. அதே மாவைத் தோசைக்கல் முழுக்க இழுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

● கணக்கு பார்ப்போம். சாதாரண எஸ்.டி. படம் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்.டி. 1920 × 1080, அதாவது 20,73,600. 4கே டிவி 3840 × 2160, அதாவது 82,94,400. இப்போது முதலாவதால் மூன்றாவதை வகுத்துப் பாருங்கள். மிகச் சரியாக 20 வரும். அதாவது, 4கே டிவியில் சாதாரண கேபிள் சேனல் பார்க்கும்போது 20 புள்ளிகளில் ஒன்றுதான் நிலையத்திலிருந்து வந்தது. மீதி 19 புள்ளிகளை “இப்படித்தான் இருந்திருக்கும்” என்று ஊகித்து டிவியே இட்டு நிரப்புகிறது. 8கே டிவியானால் 80இல் 79 ஊகம். அவ்வளவு விலை கொடுத்து ஊகத்தை வாங்குவானேன்?

● 32 அங்குல டிவி வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ‘எச்.டி. ரெடி’ என்று இருக்கும். 1366 × 768, ஃபுல் எச்.டி.யில் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள்தான். ‘ரெடி’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

● தியேட்டர்காரர்களின் 4கே 4096 புள்ளி அகலம். டிவிக்காரர்களின் 4கே 3840 தான். 3840ஐ நாலாயிரம் என்று கூப்பிடும் துணிச்சல் விளம்பரத் துறைக்கு மட்டும்தான் வரும்.

● ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1862இல் உருவாக்கியதுதான், கண்ணாடிக் கடையில் நம்மைப் படிக்கச் சொல்லும் எழுத்து அட்டை. ‘ஆறுக்கு ஆறு’ பார்வை என்றால் 6 மீட்டர் தள்ளி நின்று சுமார் 9 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் படிக்க முடியும் என்று பொருள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, அதுதான் அந்தக் கண் பிரித்தறியும் எல்லை. அதைவிடச் சின்னப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இதை டிவிக்குப் பொருத்தலாம். 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். ஆறுக்கு ஆறு கண்ணுக்கு அது சுமார் ஐந்தரை அடி தூரத்திலேயே கலந்துவிடுகிறது. ஒரு முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் நாலு முழத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதே திரை 4கே ஆனால் புள்ளி கால் மில்லிமீட்டர்; அதன் முழு அருமையும் தெரிய வேண்டுமானால் இரண்டு முழத்துக்குள் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் வீட்டில் அடி விழும்.

● “என் கண்ணு அதைவிடக் கூர்மை” என்பவர்களுக்காக ஒரு புதிய ஆய்வு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து 2025 அக்டோபரில் வெளியிட்டவை இவை: பழைய கணக்கு ஒரு பாகைக்கு 60 புள்ளி. நேராகப் பார்க்கும்போது கறுப்பு வெள்ளைப் படத்தில் மனிதக் கண் சராசரியாக 94 புள்ளி வரை பிரித்தறிகிறது. சிவப்பு-பச்சைக்கு 89. மஞ்சள்-ஊதாவுக்கு வெறும் 53. 94 என்றே வைத்துக்கொண்டாலும், 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையிலிருந்து 9 அடி தள்ளி உட்கார்ந்தால் கதை முடிந்தது. 9 அடி என்பது ஆறு முழம். அதற்கு அந்தப் பக்கம் 4கே-க்கும் ஃபுல் எச்.டி.க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

● இதையே 55 அங்குலத்துக்குப் போட்டால் நாலு முழம் ஏறக்குறைய ஐந்தாகும், ஆறு முழம் ஏழரையாகும். 65 அங்குலத்துக்கு ஆறு முழத்துக்குச் சற்றுக் குறைவும், ஒன்பது முழத்துக்குச் சற்றுக் குறைவும். ஆகவே பத்தடி கூடத்தில் 65 அங்குலம் மாட்டப் போகிறவர் 4கே-யைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது. அவருக்குப் புள்ளிகள் உண்மையிலேயே தெரியும்.

● சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கையில் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பேருந்து நிலையத்தில் எதிர்ப்பக்கம் நிற்கும் அக்கா உடுத்தியிருந்தால் நிறம் மட்டும்தான் தெரியும். டிவித் திரைக்கும் இதே கதைதான். ஆனால் சேலை எடுக்கும்போது யாரும் புள்ளியை எண்ணி விலை பேசுவதில்லை. நிறத்தையும் சாயம் போகுமா என்பதையும்தான் பார்க்கிறார்கள்.

● தாத்தா “டிவி மங்கலா இருக்கு” என்று சொன்னால் முதலில் மாற்ற வேண்டியது டிவி அல்ல. கண்புரையாக இருக்கலாம். மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் மிகக் குறைந்த செலவிலும் புரை அறுவை செய்வதில் உலகப் பெயர் பெற்றது. ஆத்தூரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டு வந்தவருக்குப் பழைய டிவியே 8கே ஆகிவிடும்.

● டீக்கடை டிவிக்கு 4கே தேவையா? பெஞ்சுக்கும் டிவிக்கும் பதினைந்து அடி, நடுவே பாய்லர் ஆவி. மேட்ச் பார்க்க 32 அங்குலமே போதும். அங்கே எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஸ்கோர் மட்டும்.

● சரி, ஒயருக்கு வருவோம். டிவியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை ஒயர் வந்து சொருகியிருக்கிறதா? அப்படியானால் எச்.டி. பாக்ஸ், எச்.டி. சேனல் கட்டணம், 4கே டிவி மூன்றும் வீண். படம் போவது அந்த மஞ்சள் முனை வழியாக. வண்ண டிவிக் காலத்து சிக்னலுக்காக வந்த ஒயர் அது, எச்.டி.யை அதில் அனுப்பவே முடியாது. தட்டையான முனை கொண்ட எச்டிஎம்ஐ ஒயரை மாட்டினால்தான் வரும். கேபிள்காரத் தம்பி பாக்ஸ் மாட்ட வந்த அன்று பையில் இருந்ததை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, ஒட்டடை அடிக்கும் நாள் தவிர. சில நூறு ரூபாயில் முடிகிற காரியம் இது. பல வீடுகளில் இதைச் செய்தாலே புது டிவி ஆசை ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

● எச்டிஎம்ஐயிலும் வயது உண்டு. 2009இல் வந்த 1.4 வகையில் 4கே படம் நொடிக்கு 30 சட்டகம்தான் போகும். 2013இல் வந்த 2.0 வகையில் 60. கிரிக்கெட், கேம் பிரியர்கள் கவனிக்க.

● தமிழ்நாடு அரசு கேபிள் டிவி 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியது. 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்துச் செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் கணக்கில் வீட்டுக்கு வந்த சாதாரண பாக்ஸ் எஸ்.டி. பாக்ஸ். அது ஓடுகிற வரை டிவி எதுவானாலும் படம் 576 கோடுதான். சன் டிவியின் எச்.டி. சேனல் 2011லேயே வந்துவிட்டது, பாக்ஸும் எச்.டி.யாக இருந்தால்தான் அது கிடைக்கும்.

● சிவாஜி குண்டாகவும் சாவித்திரி குட்டையாகவும் தெரிகிறார்களா? அவர்கள் மேல் குற்றமில்லை. பழைய படம் நாலுக்கு மூன்று என்ற வடிவம். இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. ரிமோட்டில் யாரோ ‘ஃபுல் ஸ்கிரீன்’ அமுக்கி இழுத்துவிட்டிருப்பார்கள். 4:3க்கு மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். “முழு டிவிக்குக் காசு கொடுத்துட்டு பாதி எதுக்குக் கறுப்பா கெடக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லிப் பயனில்லை.

● இது கொஞ்சம் வேடிக்கையானது. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தை 4கே ஆக்கலாம். 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யை ஆக்க முடியாது. ‘கர்ணன்’ 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. நெகட்டிவ் நன்றாக இருந்தால் அதிலிருந்து இன்றைய டிவி கேட்கும் அளவுக்கு நுணுக்கத்தை ஸ்கேன் செய்து எடுத்துவிடலாம். அந்தப் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து 2012 மார்ச்சில் மறுபடி திரையிட்டபோது தியேட்டர்களில் கூட்டம் அலைமோதியது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் மறுவெளியீடு ஒரு வியாபாரமானது. 2004இல் வந்த ‘கில்லி’ 4கே வடிவில் 2024 ஏப்ரலில் திரும்ப வந்து சக்கைப்போடு போட்டது. சீரியல்களோ வீடியோ நாடாவில் பதிவானவை. ‘சித்தி’யும் ‘மெட்டி ஒலி’யும் பதிவான அன்றே அவற்றின் புள்ளிக் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குமேல் எடுக்க நாடாவில் ஒன்றுமில்லை. மதிய நேரம் பழைய சீரியல் பார்ப்பதுதான் வீட்டின் முக்கிய வேலை என்றால் 4கே அங்கே வெட்டி.

● புதிய படங்களிலும் ஒரு விஷயம் உண்டு. கேமரா 4கே, 6கே என்று இருந்தாலும், கிராபிக்ஸும் வண்ணத் திருத்தமும் 2கே-யில் முடிக்கப்பட்ட படங்கள் உலகம் முழுக்க ஏராளம். 2கே என்பது ஃபுல் எச்.டி.யைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆப்பில் ‘4கே’ முத்திரை குத்தி வரும் பல படங்கள் அப்படி இழுத்துப் பெரிதாக்கியவையே.

● நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்குக் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட் வேகம். ஃபுல் எச்.டி.க்கு 5 போதும். டேட்டாக் கணக்கு: 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை. ஒரு நாளைக்கு 2 ஜிபி ரீசார்ஜ் போட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கும் வீட்டில் 17 நிமிடத்தில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். டைட்டில் கார்டும் ஒரு பாட்டும் பார்க்கலாம். ஃபைபர் இணைப்பு வீட்டு வாசல் வரை வந்திருந்தால் மட்டும் 4கே பேச்சை எடுங்கள். அப்போதும் பல ஆப்களில் 4கே இருப்பது மேல் விலைத் திட்டத்தில்தான்.

● நம் நாட்டில் 4கே செட்டாப் பாக்ஸ் வந்தது 2015 ஜனவரியில். அந்த ஆண்டு உலகக் கோப்பை கிரிக்கெட்டைக் குறிவைத்து. 2023 ஐபிஎல்லை ஜியோ சினிமா இலவசமாகவே 4கே-யில் காட்டியது. எட்டு ஆண்டுகளில் விலை உயர்ந்த பாக்ஸிலிருந்து இலவச ஆப்புக்கு இறங்கிவிட்டது. கிரிக்கெட் வெறியர்கள் 4கே வாங்க ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

● கடையில் மட்டும் எல்லா டிவியும் ஏன் அப்படி ஜொலிக்கிறது? முதல் காரணம், ஓடுவது கேபிள் அல்ல. கம்பெனி கொடுத்த பென்டிரைவ். இரண்டு கிளிகள், வெட்டிய மாதுளை, மெல்ல ஊற்றும் தேன், இரவு நேரத்துத் துபாய். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே கிளி. இரண்டாவது, டிவி ‘ஸ்டோர் மோடு’ எனும் நிலையில் இருக்கும். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில். மூன்றாவது, நாம் நிற்பது ஒரு முழ தூரத்தில். பென்டிரைவைக் கழற்றச் சொல்லி, உள்ளூர்க் கேபிளில் ஒரு செய்திச் சேனலைப் போடச் சொல்லுங்கள். கீழே ஓடும் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா என்று ஆறு முழம் பின்னால் நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அண்ணே என்று ஒரு முறை கூடுதலாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

● வீட்டுக்கு வந்து முதல் முறை போடும்போது ‘ஹோமா, ஸ்டோரா’ என்று டிவி கேட்கும். பொருத்த வந்தவர் அவசரத்தில் எதையாவது அமுக்குவார். ஸ்டோரில் விழுந்தால் கண்ணும் கூசும், கரண்டும் கூடும்.

● புது டிவியில் சினிமா பார்த்தால் நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறதே, ஏன்? சினிமா நொடிக்கு 24 சட்டகம். இல்லாத சட்டகங்களை டிவி நடுவே செருகுவதால் வரும் வினை அது. இதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டுச் சொன்னார். மெனுவில் ‘மோஷன்’ என்று தொடங்கும் எதையாவது தேடி அணைக்கவும்.

● 4கே டிவியில் கண்ணுக்கு உண்மையில் இதமாகத் தெரிவது பல நேரம் புள்ளி அல்ல, எச்.டி.ஆர். என்ற இன்னொரு சங்கதி. இருட்டில் இருட்டும், விளக்கில் வெளிச்சமும் ஒரே காட்சியில் சரியாகத் தெரிவது. ஆனால் அதற்குத் திரையில் வெளிச்ச பலம் வேண்டும். விலை குறைந்த 4கே டிவிகளில் பெட்டி மேல் எச்.டி.ஆர். என்று அச்சடித்திருக்கும், திரையில் அந்தப் பலம் இருக்காது. ஒரே விலையில் மலிவு 55 அங்குலமா, தரமான 43 அங்குலமா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பக்கத்து வீட்டாருக்குக் காட்ட வேண்டுமானால் முதலாவது.

● 2012இல் 84 அங்குல 4கே டிவியை சோனி அமெரிக்காவில் விற்ற விலை 25,000 டாலர். அன்றைய மதிப்பில் 13 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் காசில் ஆத்தூர்ப் பக்கம் இடமே வாங்கியிருக்கலாம். இன்று 43 அங்குலத்துக்கு மேல் கடையில் கேட்டால் ஃபுல் எச்.டி. கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே இப்போதைய கேள்வி ‘4கே-யா இல்லையா’ என்பதே அல்ல. பழைய டிவி ஓடும்போதே அதைத் தூக்கிப் போடலாமா என்பதுதான்.

● 2009இல் ‘அவதார்’ வந்தபின் 3டி டிவி என்று ஒரு காய்ச்சல் அடித்தது நினைவிருக்கிறதா? 2017இல் எல்.ஜி.யும் சோனியும் அதை நிறுத்தின. அப்போது வாங்கிய கண்ணாடிகள் பல வீட்டு ஷோகேஸில் இன்னும் இருக்கின்றன. வளைந்த திரையும் ஏறக்குறைய அதே வழியில் போனது.

● 8கே? ஜப்பானின் என்எச்கே நிறுவனம் 2018 டிசம்பர் 1இல் 8கே சேனலையே தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023 மார்ச் முதல் 8கே டிவிகளுக்கும் மின்சார உச்சவரம்பு போட்டது. கம்பெனிகள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து விற்றுத் தப்பின. புள்ளி சின்னதானால் வெளிச்சம் வெளியே வரும் வழியும் குறுகும், பின்னால் விளக்கைக் கூட்ட வேண்டும். 8கே-யில் மின்சாரம் கூடுவது அதனால்தான். நமக்கு இப்போது இதில் வேலை இல்லை.

● 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. 32 வரையிலானவற்றுக்கு 2019 ஜனவரியிலேயே 18 ஆகிவிட்டது. அதுவரை 32இலேயே நின்றவர்கள் 43க்குத் தாவ இது ஒரு சாக்கு.

● “வட்டியே இல்லை சார்” என்று தவணைக்காரர் சொல்வார். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அது பிராசசிங் கட்டணத்திலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்தத் தொகைதான் வட்டி.

● 90 வாட் இழுக்கும் 43 அங்குல டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். வீடுகளுக்கு 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் கால் பங்குக்கு மேல் டிவியே சாப்பிட்டுவிடும். பெட்டி மேலுள்ள நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். விற்பனைப் பையன் காட்டாத ஸ்டிக்கர் அது ஒன்றுதான்.

● ஓடுகிற ஃபுல் எச்.டி. டிவி ‘ஸ்மார்ட்’ இல்லை என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு: எச்டிஎம்ஐ துளையில் சொருகும் ஸ்டிக் ஒன்று, புது டிவி விலையில் சிறு பங்கில் கிடைக்கும். ஸ்மார்ட் டிவியே வைத்திருந்து ஆப் திறக்க மணிக்கணக்காகிறது என்றாலும் இதே மருந்துதான்.

● மாமனார் வீட்டுச் சீராக டிவி வருகிறதா? இந்தப் பக்கம் முழுவதையும் மடித்து வைத்துவிடுங்கள். அங்கே அளவை முடிவு செய்வது முழமும் அல்ல, கண்ணும் அல்ல.

● பழைய பெட்டி டிவியைக் காயலான் கடைக்குப் போடும் முன் யோசியுங்கள். அந்தக் கனத்த கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. செம்பை எடுக்க உடைத்து, எரித்து, மீதியை ஓடைக்கரையில் கொட்டுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி டிவியைத் தயாரித்த கம்பெனிக்கே அதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை.

● புது டிவியில் பேனல் போனால் மாற்றும் செலவு சில சமயம் டிவி விலையைத் தொட்டுவிடும். குழந்தை பந்து எறிந்து உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. ஐப்பசியில் மலைப் பக்கம் இடி முழங்க ஆரம்பித்ததும் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் ஒயர் வழியாகவும் மின்னல் வரும், அதையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடவும்.